தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்

தம்பி, நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் "ம்" என்று மட்டும்தான் சொன்னேன். நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "அப்ப சரிப்பா, ஞாயித்துக்கெழம காலையில போயிட்டு வந்துருங்க, நான் மாமாவுக்குச் சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டாய். உன்மேல் தவறில்லை. தோட்டத்துத் துரை கேட்டாலும், பள்ளிக்கூடத்து அதிபர் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகரச் சொன்னாலும் நான் "ம்" என்று நகர்ந்துதான் பழகியிருக்கிறேன். ஆனால் நேற்று நான் சம்மதிக்கவில்லை. வாயைத் திறந்தால் குரல் நடுங்கும் என்று தெரிந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன். எழுத்தில் எனக்குக் கொஞ்சம் நிதானம் வரும். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. கவிதாவும் படிக்கட்டும், அவளுடைய அப்பாவும் படிக்கட்டும், தோட்டத்தில் வேறு யாருக்குக் காட்ட விரும்பினாலும் காட்டு.

நீ கேட்டது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கோயில் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, கைகூப்பி, "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆவணியில் நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடக்கவிருக்கும் உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாக மணவறைக்குப் பக்கத்தில் நிற்கலாம். சொல்லாவிட்டால் கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. சபையின் தலைவர் சுப்பையா, கவிதாவின் அப்பா, உன் மாமனார் ஆகப்போகிறவர். அவர் என்னை வெறுக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முடிவை எடுத்துவிட்டு, சம்பந்தி என்பதற்காக அதை மாற்றினால் ஊர் சிரிக்கும் என்று பயப்படுகிறார். பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை. ஆனாலும் அவர் சொல்லச் சொன்னதை நான் சொல்லப்போவதில்லை.

மாசித் திருவிழா அன்று நீ தோட்டத்தில் இல்லை. கொழும்பில் லீவு கிடைக்கவில்லை என்றாய். நடந்ததை நீ கவிதாவிடம் கேட்டாய், அவள் தன் அப்பாவிடம் கேட்டாள். அதில் பொய் இருக்காது. சுப்பையா பொய் பேசுகிறவர் அல்ல. ஆனால் முன்பின் மாறியிருக்கலாம். எது முதலில், எது பிறகு என்று அடுக்கிச் சொல்வது எனக்குக் கைவந்த ஒரே வேலை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

மாசித் திருவிழாவில் பால்குடம் ஆற்றங்கரையில் தொடங்கி, ரப்பர் ஸ்டோரைச் சுற்றி, லயத்து வீடுகளை ஒட்டிய ரோட்டால் மேலேறிக் கோயிலுக்கு வரும். மற்ற மாதங்களில் பகலிலும் இருட்டிக் கிடக்கும் அந்த ரோட்டில், மாசி வாக்கில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்போது வெயில் நேரே மண்டையில் விழும். அந்தக் காலம் பார்த்துத்தான் நாம் பெண்களைத் தலையில் குடமும், வெறும் வயிறும், வெறுங்காலுமாக ஏற்றத்தில் ஏற்றுகிறோம். தொண்டர்களாகிய நாங்கள் மஞ்சள் துண்டு கட்டி, இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக்கொண்டு வருவோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொண்டர்களுக்குப் பொறுப்பாளி நான். கூட்டத்தை அடக்கும் கம்பீரம் எனக்கு உண்டு என்று யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. விசில் ஊதினால் போதும், கத்த வேண்டியதில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. யாருக்காவது அருள் வந்தால் உடனே கயிற்றை வட்டமாக்கி இடம்விட வேண்டும். பூசாரி வந்து திருநீறு போடும்வரை யாரும் தொடக்கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். முன்பெல்லாம் ஒரு பெண் ஆடத் தொடங்கினால், பிடிக்கிறோம் என்ற சாக்கில் நாலு தடியன்கள் பாய்வார்கள். அவர்கள் பிடித்த இடமெல்லாம் பிடிக்க வேண்டிய இடமாக இருக்காது. பெண்கள் வெளியே சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவே இல்லை என்பதுதானே கணக்கு. அந்தக் கேவலத்தை நிறுத்தத்தான் வட்டம் வந்தது. அது நல்ல விதி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மேல் லயத்துப் புஷ்பத்தை உனக்குத் தெரியும். ரப்பர் பால் வெட்டுகிறவள், அதிகம் பேசாதவள். அவளுடைய மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், கொஞ்ச காலமாகப் பேச்சும் இல்லை தகவலும் இல்லை. அந்தப் பிள்ளை உயிரோடு வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துதான் புஷ்பம் இந்த முறை பால்குடம் எடுத்தாள். அவளுக்குச் சீனி வியாதி. குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். விரதம் இருக்கப்போவதை அவள் அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, சாமி காரியத்தை யார் டாக்டரிடம் சொல்வார்கள்? காலையில் எழுந்து குளித்து, குளிசையைப் போட்டாள், சாப்பாட்டை விட்டாள். இரண்டு இடத்துக் கட்டளையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் அவள் நின்றுவிட்டாள். முதலில் கை நடுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள். "ஆத்தா வந்துட்டா! எடம் விடுங்க, எடம் விடுங்க!" என்று யாரோ கத்த, தப்படிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். நான் விசில் ஊதினேன். எங்கள் பையன்கள் அழகாக வட்டம் கட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை.

"என்னா கொறை வச்சோம், சொல்லு தாயே!" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"வீட்டுக்குப் போகணும்... வீட்டுக்கு..." என்று புஷ்பம் குழறினாள்.

"கோயிலத்தான் வீடுங்கிறா. சீக்கிரம் கூட்டிட்டுப் போகச் சொல்றா!"

அதற்குள் சுப்பையா கர்ப்பூரத் தட்டோடு வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார். கோபுர வேலை அவருடைய நெஞ்சில் கிடக்கும் கல் என்பது எல்லோருக்கும் தெரியும். "தாயே, கோபுர வேலை இழுத்துக்கிட்டே போவுது. இந்த வருசமாச்சும் முடியுமா? ஒரு வாக்குச் சொல்லு!"

புஷ்பம் அவரை உற்றுப் பார்த்தாள். "நீ யாரு?" என்று கேட்டாள்.

கூட்டம் சிலிர்த்துப்போயிற்று. கோயில் தலைவரைப் பார்த்து அம்மன் நீ யார் என்று கேட்கிறாள்! சுப்பையா தட்டோடு நடுரோட்டில் விழுந்து கும்பிட்டார். பின்னால் ஒருவன், "கோபுரத்தக் கட்டி முடிச்சிட்டு வாய்யா, அப்பறம் அடையாளம் தெரியும்!" என்றான். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

எனக்கு அந்தக் கேள்வி வேறொரு குரலில் கேட்டது, தம்பி. சீனி வியாதிக்காரியான உன் அம்மா, இருந்த காலத்தில், குசினியில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்ட பின்னேரம் உனக்கு மறந்திருக்காது. நீ கெம்பஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். நான் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து, "ஒன் புருசன்தான், வேற யாரு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ முன் அறையிலிருந்து வந்து அவள் கழுத்தில் கையை வைத்தாய். அவ்வளவு வியர்வை, அவ்வளவு குளிர். ஒரு வார்த்தை பேசாமல் போத்தலிலிருந்து சீனியை அள்ளி அவள் வாயில் வைத்தாய். அவள் துப்பினாள். உன்னை ஏசினாள். ஆயுளில் அவள் வாயில் வராத வார்த்தையெல்லாம் அன்று வந்தது. நீ மறுபடி வைத்தாய். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைச் சிமிட்டி, "என்னடா தம்பி, சட்டையெல்லாம் சீனி? எறும்பு வரப்போவுது" என்று சொன்னதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய், அழுதாய். அவள் வேண்டாம் என்று சொல்லித்தான் நீ கொடுத்தாய். அதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் உன்னிடம் சொல்லவும் இல்லை.

அதனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று புஷ்பத்தைத் திரும்பவும் பார்த்தேன். அருள் வந்தவர்களை நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பு முறுக்கேறும், நாலு ஆள் பலம் வரும். இவளுக்கு முழங்கால் தொய்ந்துகொண்டு வந்தது. சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. குடம் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது.

நான் உடனே பாய்ந்தேன் என்று நினைத்துவிடாதே. பாய்கிற ஆளா நான்? நின்றேன். நின்று யோசித்தேன். அம்மனாக இருந்து நான் தொட்டால் என்ன ஆகும்? சீனிக் குறைவாக இருந்து நான் தொடாவிட்டால் என்ன ஆகும்? அம்மன் பொறுத்துக்கொள்வாள், சீனி பொறுக்காது. இந்த முடிவுக்கு வர எனக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. வேறு எதுவும் அரிக்கவில்லை.

விசில் ஊதினேன். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றுக்குள் குனிந்து நுழைந்து, முன்னால் அடித்துக்கொண்டிருந்தவரின் தப்பின் தோலில் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். சத்தம் செத்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கோயில் மணியை யாராவது கட்டிப்பிடித்து நிறுத்தினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார். மற்றத் தப்புகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான் புஷ்பத்தின் தலையிலிருந்து குடத்தை எடுத்தேன்.

"மாஸ்டர்! நீங்கதானே தொடக்கூடாதுன்னு சொன்னீங்க!" தொண்டர் யோகன், கயிற்றை விடாமல் கத்தினான்.

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன். கயித்த விட்டுட்டு வா, புடி!"

அவனும், பக்கத்தில் குடத்தோடு வந்த பெண்ணுக்குத் துணையாக நடந்த அவள் அக்காவும் ஓடிவந்து, விழப்போனவளைத் தாங்கி உட்காரவைத்தார்கள். நான் குடத்தைத் தரையில் வைத்தேன். அது ரோட்டுச் சரிவில் நிற்கவில்லை. சாய்ந்து, பால் தாரில் ஓடியது. அப்போது கூட்டத்திலிருந்து எழுந்த சத்தம், யாரோ இறந்துவிட்டபோது எழும் சத்தம்.

வளைவில் ஒவ்வொரு வருஷமும் தாகசாந்திப் பந்தல் போட்டுச் சர்பத் கொடுப்பவர் ருவான்வெல்லைப் பஜாரில் கடை வைத்திருக்கும் ரபீக் நானா. நான் கேட்பதற்கு முன்பே கிளாஸோடு ஓடிவந்தார். "இந்தாங்க மாஸ்டர், நல்லா சீனி போட்டு ஈக்குது." புஷ்பத்துக்கு அப்போதும் விழுங்க முடிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினாள். "வேணாம்... வெரதம்..." என்றாள். என் காதில் தெளிவாக விழுந்தது. சுப்பையாவின் காதிலும் விழுந்தது. அதன் பிறகும் நான் அவளுடைய கன்னத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு மிடறு இறங்கியதும் அடுத்த மிடறு. பாதிக் கிளாஸ் போனதும் நானா தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் குத்திப் பார்த்த தாதி, "சீனி கொடாக் அடுயி" என்று சிங்களத்தில் சொன்னாள். சர்பத் கொடுத்த பிறகும் சீனி அவ்வளவு குறைவு. உடனே ஊசி ஏற்றினார்கள். பின்னேரம் புஷ்பம் எழுந்து உட்கார்ந்து, குடம் எங்கே என்று கேட்டாள்.

இதுதான் நடந்தது. இனி அதற்குப் பிறகு நடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு புஷ்பம் நம் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து நான் கதிரையை எல்லாம் துடைத்து வைத்தேன். அவள் உட்காரவில்லை.

"மாஸ்டர், ஒங்கள ஏச வரல. ஏசவும் மாட்டேன். ஆனா ஒன்னு கேக்குறேன். எம் மக வரலைன்னா நான் யாரக் கேக்குறது?"

நான் துடைத்து வைத்த கதிரையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான் இருந்துச்சு. ஆத்தா கொண்டுபோய் சேத்திருப்பா. சேக்கலைன்னாலும் என் உசிருதானே போயிருக்கும்? அவளுக்காகத்தானே எடுத்தேன்."

"ஒனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அவ வந்து யாரத் தேடுவா புஷ்பம்?" என்றேன்.

"நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு வார்த்த இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடத்தைத் தரையில் வைத்தது தவறு, இன்னொரு பெண்ணின் கையில் கொடுத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை என்று அவள் பின்னாலேயே படிவரை போய்ச் சொன்னேன். அந்தப் பாலுக்காக அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அது அவளுக்குச் சேர வேண்டியது. கேட்டாயிற்று. அவள் தலையை மட்டும் அசைத்தாள். இன்றுவரை மகளிடமிருந்து தகவல் இல்லை. ரோட்டில் என்னைக் கண்டால் அவள் கீழே பார்த்துக்கொண்டு போகிறாள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் தெரியுமா? நான் காப்பாற்றிய பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள், அந்தத் தைரியத்தில் கிழவன் துள்ளுகிறான் என்று நீ நினைக்கக்கூடாது. எனக்கு யாருடைய நன்றியும் கிடைக்கவில்லை. அது கிடைக்காமலே நான் சொல்கிறேன்.

சபை என்னைக் கூப்பிட்டது. சுப்பையா மரியாதையாகத்தான் பேசினார். "மாஸ்டர், நீங்க ஊருக்குப் பெரியவரு. ஆனா தப்ப நிறுத்துனீங்க. குடத்த மண்ணுல வச்சீங்க. வெரதக்காரி வேணாம் வேணாங்க, வாயில ஊத்துனீங்க. ஊருக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா யாரு பொறுப்பு? தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க."

"மாஸ்டருக்கு பென்சன் எடுத்த பொறகு டாக்டர் வேல கெடச்சிருச்சு போல!" என்றார் பின்வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி மஞ்சள் துண்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை அடித்த காற்றில் கீழ் லயத்தில் நாலு வீட்டுத் தகரம் பறந்தது. "பாத்தீங்களா?" என்று ஊர் என் முகத்தைப் பார்த்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த லயத்துத் தகரம் பறக்கிறது. ஆணி அடித்துத் தரச் சொல்லி எத்தனை முறை தோட்டத்து ஒபிஸுக்கு அலைந்தோம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் எந்தக் குடமும் சாயவில்லை. ஆனால் ஒபிஸில் போய்க் கேட்பதைவிட என்னைக் கேட்பது சுலபம், நான் "ம்" என்பேன் அல்லவா.

இப்போது நீ சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். "ஒரு வார்த்தைதானேப்பா, சொல்லிட்டு வந்துருங்க. உள்ளுக்க நீங்க என்ன நெனச்சா என்னா?" என்றாய். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் பிரச்சினை. "தெரியாமல்" என்பது பொய். நான் தெரிந்துதான் செய்தேன். விதி என்னவென்று தெரியும், அதைக் கொண்டுவந்தவனே நான். அவள் விரதம் என்று சொன்னது தெரியும், காதால் கேட்டேன். தப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாழ்நாளில் எத்தனையோ காரியங்களை நான் தெரியாமல், அரைகுறையாக, பிறர் சொன்னார்கள் என்று செய்திருக்கிறேன். முழுதாகத் தெரிந்து, என் சொந்தப் புத்தியில் செய்தது இது ஒன்றுதான். அதைப் போய்த் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என்னிடம் வேறு என்ன மிஞ்சும்?

அதைவிட இன்னொன்று இருக்கிறது. என் மன்னிப்பை யோகன் கேட்டுக்கொண்டிருப்பான். கயிறு பிடிக்கிற அத்தனை பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாசியில் இன்னொரு பெண் அந்த வளைவில் நடுங்கி நின்றால், "மாஸ்டரே கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு" என்று நினைத்து வட்டத்தை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். அழகாகக் கட்டுவார்கள், நான் பழக்கியவர்கள். அவள் அதற்குள்ளேயே சாவாள், கூட்டம் குலவை போடும். என்னுடைய ஒரு வார்த்தைக்கு விலை அதுதான். நீ கணக்குப் படித்தவன், நீயே போட்டுப் பார்.

எனக்குச் சந்தேகமே இல்லை என்று எண்ணாதே. சந்தேகம் இல்லாமல் நான் ஒரு பிளேன்டீ கூடக் குடித்ததில்லை. சீனியும் குறைந்து, அதோடு அம்மனும் வந்திருக்கலாமோ என்று யோசித்திருக்கிறேன். பசித்துக் கிடக்கிற உடம்பில் இறங்குவதுதான் அம்மனுக்கு வழக்கம் என்றால் நான் யார் மறுக்க? அப்படி இறங்கியிருந்தாலும், தன்னைச் சுமந்தவளுக்கு நான் சர்பத் கொடுத்ததைப் பார்த்து அவள் முகம் சுளித்திருப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கோபம் என்றால் அவளே என்னிடம் சொல்லட்டும். அவள் ஊர் முழுக்க அம்மை கண்ட காலத்திலிருந்து இந்த ஏற்றத்தில் இருக்கிறவள். அவளுக்குச் சபையின் சிபாரிசு தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போவேன். ஒளிந்துகொள்ளப் போவதில்லை. எழுந்து நின்று, பால் சிந்தியதற்கு வருந்துகிறேன் என்றும், மற்றதை மறுபடியும் செய்வேன் என்றும் சொல்லிவிட்டு உட்காருவேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்குகிற குரலில் சொன்னால் பொருள் மாறிவிடாது. பால்குடம் எடுக்கிறவர்களில் யார் யார் மருந்து போடுகிறவர்கள் என்று புறப்படுவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் கேட்க வேண்டும், கேட்பதற்குப் பெண்களையும் தொண்டர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்பேன். பெண்களும் கயிறு பிடித்திருந்தால் தொடலாமா கூடாதா என்று நான் அன்று நின்றிருக்கத் தேவையே இருந்திருக்காது. முடியாது என்பார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

உன் கல்யாணத்தைப் பற்றி: அது குறித்த நாளில், குறித்த கோயிலிலேயே நடக்கட்டும். அப்பாவுக்காக நீ இடத்தை மாற்றாதே, மாமனாரோடு முறைத்துக்கொள்ளாதே, கவிதாவை நடுவில் நிறுத்தி யார் பக்கம் என்று கேட்காதே. அப்படிச் செய்தால், சபை என்னிடம் செய்ததை நீ அவளிடம் செய்கிறாய் என்று அர்த்தம். அவள் நல்ல பிள்ளை. நேற்றுக்கூட, "மாமா, நீங்க கவலப்படாதீங்க, நான் அப்பாகிட்ட பேசிக்கிட்டே இருக்கேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். தகப்பனுக்குச் செய்ய வேண்டிய சடங்கை உன் சித்தப்பா செய்யட்டும். அவனுக்கு வேட்டி கட்டத் தெரியாது, முன்கூட்டியே கட்டிப் பார்க்கச் சொல். என்னை எங்கே தேட வேண்டும் என்று நீ கவலைப்பட வேண்டாம். கோயிலுக்கு முன்னால் போகும் ரோடு தோட்டத்து ரோடு, சபையின் ரோடு அல்ல. அதில் நிற்பேன். வேன்களை ஒதுக்கிவிட ஓர் ஆள் வேண்டுமே. தாலி கட்டியதும் நீங்கள் இரண்டு பேரும் அங்கே வாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சுப்பையாவும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கன்னிகாதானம் செய்து கொடுக்கும்வரை பெண்ணைப் பெற்றவர் பட்டினி கிடப்பது நம் வழக்கம். கவிதாவின் அப்பா அதை ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லாமல் செய்வார், அவர் அப்படிப்பட்டவர். அவருக்கும் சீனி வியாதி உண்டு. இது ரகசியம் அல்ல, கிளினிக் நாளில் நாங்கள் எல்லோரும் ஒரே வாங்கில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். பட்டினி கிடக்கப்போகிறேன், குளிசையை என்ன செய்வது என்று அவர் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கட்டும். நீ மாப்பிள்ளை, நீ சொன்னால் கேட்பார். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. ரோட்டில் நின்றாலும் மணவறை எனக்கு நன்றாகத் தெரியும், என் கண்ணும் இன்னும் நல்ல கண்தான். தாரை வார்க்கும் நேரத்தில் அவர் கை நடுங்கினால், மேளம் எவ்வளவு உரக்க அடித்தாலும், வாசலில் யார் குறுக்கே நின்றாலும், நான் உள்ளே வருவேன்.